தொண்ணூற்றொன்றின் பங்காளிகள்

அத்தியாயம் 5

“திருடனுக்குக் கூட்டாளி கிடையாது. தனி ஆள். இதை நான் சொல்லவில்லை, கணக்கு சொல்கிறது.”

துப்பறியும் சம்பத் இப்படி முழங்கியபோது ஆம்பூரில் பகல் மணி இரண்டு. ஆபித் பாஷாவின் தோல் பதனிடும் ஷாப்பில், பேக்கிங் ஹாலின் நடுவில், ஒரு ஸ்டூலின் மேல் ஒற்றைக் காலை வைத்து நின்றிருந்தார். ஸ்டூல் ஆடியது. அவருடைய உதவியாளர் தனபாக்கியம் தன் காலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்தில் அவள் அதிகமாகச் செய்த உதவி இந்த ரகம்தான்.

தனபாக்கியத்துக்கு நாற்பத்தொரு வயது. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண். டைப் அடிக்கிற வேலை தேடி வேலூருக்கு வந்தவள், ஒரு மாடிப்படிக்குப் பக்கத்தில் ‘சம்பத் துப்பறியும் நிலையம்’ என்ற போர்டைப் பார்த்து, மேலே டைப்ரைட்டர் இருக்கும் என்று நம்பி ஏறிவிட்டாள். டைப்ரைட்டர் இல்லை. துப்பறிபவரும் பாதிதான் இருந்தார். மீதிப் பாதியைத் தபால் மூலம் படித்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு பாடம் கவரில் வரும். போன மாதம் வந்தது ஏழாம் பாடம்: ‘எண்ணும் குற்றமும்’. அதைப் படித்த நாளிலிருந்து அவர் இட்லியைக்கூட வகுத்துப் பார்த்துத்தான் சாப்பிட்டார்.

வழக்கு இதுதான். ஆபித் பாஷாவின் ஷாப்பிலிருந்து செருப்புக்கு உள்பக்கம் ஒட்டுகிற ஆட்டுத் தோல் கப்பலேறி வெளிநாடு போகிறது. சார்ட்டிங் அறையில் நல்லது கெட்டது பார்த்துப் பிரித்து, எண்ணி, பேக்கிங் ஹாலுக்கு அனுப்புவார்கள். இங்கே பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டுப் போடுவார்கள். ஒரு கட்டுக்குப் போதாமல் மீதி விழுகிற தோலைச் சார்ட்டிங்குக்கே திருப்பி அனுப்பி, எண்ணிக்கையில் கழித்துவிடுவார்கள். கட்டுகளைக் கோணியில் வைத்துத் தைத்ததும் வாங்குகிற கம்பெனியின் ஏஜெண்டு மெட்ராஸிலிருந்து வந்து அரக்கு முத்திரை வைப்பார். வருடக்கணக்காக ஒழுங்காக நடந்த வேலை. மூன்று வாரமாகத்தான் கோளாறு. முதல் வாரம் பதினேழு தோல் குறைந்தது. அடுத்த வாரம் இருபத்து மூன்று. இந்த வாரம் ஏழு.

“பதினேழு,” என்றார் சம்பத். “ரெண்டு பேர் சமமா பங்கு போட முடியுமா? முடியாது. மூணு பேர்? நாலு பேர்? யாராலயும் முடியாது. அது பகா எண். இருபத்து மூணும் அப்படித்தான். ஏழும் அப்படித்தான்.”

“பதினேழு பேரு இருந்தா முடியும் சார்,” என்றாள் தனபாக்கியம். “ஆளுக்கு ஒண்ணு.”

“அதே பதினேழு பேர் அடுத்த வாரம் இருபத்து மூணை எப்படிப் பிரிப்பாங்க?”

வருடத்துக்கு இரண்டு முறை அவர் இப்படிச் சரியாகப் பேசிவிடுவார். அந்த நாட்களில் அவரைத் தாங்கவே முடியாது.

“பகா எண்ணாகப் பொறுக்கித் திருடுகிறவன் யார்? பங்கு கேட்க ஆளில்லாதவன். ஆகவே, பாய், இந்த ஷாப்பில் பங்காளியே இல்லாத ஆள் யார்?”

முதலாளி ஆபித் பாஷா தாடியைத் தடவினார். மனசுக்குப் பிடிக்காத வேலையைச் செய்கிறவர் போல அவர் கண் ஹாலின் கோடிக்குப் போனது. அங்கே ஓரம் கத்தரித்த தோல் துண்டுகளைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தார் சவுரியம்மாள்.

சவுரியம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. பிள்ளை கிடையாது. பத்தொன்பது வருடமாக இந்த ஹாலைப் பெருக்கி, துண்டு வாரி, தராசுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர். கூடையோடு வெளியே போகிற ஒரே ஆளும் அவர்தான். அதனால் இன்று காலை கேட்டில், வேலைக்கு வந்த அத்தனை பேர் பார்க்க, அவரைச் சோதனை போட்டிருந்தார்கள். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக.

“பங்காளி இல்லன்னா திருடியா?” சவுரியம்மாள் கூடையைக் கீழே வைத்தார். “எங்க வூட்டுக்காரரு செத்த மறுவாரம் வூட்டப் புடுங்கிக்கினவனுங்க பங்காளிங்கதான். அவனுங்கள ஏன்னு கேக்க ஒரு துப்பறியறவரும் வர்ல.”

“அம்மா, கணக்கு—”

“இன்னா கணக்கு? ஏழு தோலைப் பொடவையில சுத்திக்கினு போனா நான் நடக்க முடியுமா? பீப்பா மாதிரி உருண்டுகினுதான் போவணும்.”

ஆபித் பாஷா குறுக்கே வந்தார். “சவுரியம்மா, எனக்கும் பேஜாராதான் இருக்குது. ஆனா தோலு கம்மியாவுது. ஏஜெண்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது? நாலு மணி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள வெவகாரம் தெரியலன்னா ஸ்டேஷனுக்கு ஆளு போய்டும்.”

சவுரியம்மாள் யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: “வேல போனா போவட்டும். நாளைக்கு நான் எந்த வூட்டு வாசல்ல போய் நின்னாலும், வெளிய கெடக்கிற செருப்ப எடுத்து உள்ள வெச்சிக்குவாங்களே.”

இந்த அம்மாள் எடுக்கவில்லை என்று தனபாக்கியத்துக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஏழாம் பாடம் படிக்காதவளுக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாதுதான்.

அவள் ஸ்டூலிலிருந்து காலை எடுத்தாள். சம்பத் தடுமாறிக் காலை இறக்கினார்.

சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. சார்ட்டிங்கிலிருந்து வந்த தோல், மீதியைக் கழித்தபின் எத்தனை என்று வாரா வாரம் சாக்பீஸில் எழுதுகிற பலகை. மூன்று வாரத்துக்கு மூன்று எண்: 221, 299, 91.

“சார், இதப் பாத்தீங்களா?”

“காலையிலேயே பார்த்தாச்சு. அதுதான் இந்த வழக்கோட அழகே. காணாமல் போனது மட்டும் இல்லை, மொத்தமும் பகா எண். மூணுமே எதாலும் வகுபடாது.”

“எதாலும்னா?”

“மூணு சோதனை இருக்கு. கடைசி இலக்கம் ரெட்டைப்படையா? இல்லை. அதனால ரெண்டு வெளியே. இலக்கங்களைக் கூட்டினா மூணால போகுமா? ஒன்பதும் ஒண்ணும் பத்து, போகாது. மூணு வெளியே. கடைசியில் சைபரோ அஞ்சோ இருக்கா? இல்லை. அஞ்சு வெளியே. முடிந்தது.”

“ஏழு?”

சம்பத் தொண்டையைக் கனைத்தார். “ஏழு எட்டாம் பாடத்தில் வருகிறது.”

“எட்டாம் பாடம் எங்க?”

“தபாலில் வருகிறது.”

தனபாக்கியம் நெற்றியில் அடித்துக்கொள்ளவில்லை. முதலாளி பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தக் கையை அப்படியே தலையைக் கோதுவதற்குத் திருப்பினாள்.

“சார், ஒரு ஊட்ல திருட்டுப் போச்சுன்னு வெச்சுக்குங்க. சந்தேகப்பட வேண்டிய ஆளு நாலே பேரு. மூணு பேர விசாரிச்சிட்டு, நாலாவது ஆளு ஊர்ல இல்ல, அதனால யாரும் எடுக்கலன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

“நாலு பேருதான்னு எப்படிச் சொல்றீங்க? அஞ்சாவது, ஆறாவது எல்லாம்?”

“பத்துப் பத்து நூறு. தொண்ணூத்தொண்ணு அதுக்குள்ள அடங்கிப் போவுது. ரெண்டு எண்ணைப் பெருக்கி அது வரணும்னா, அதுல ஒண்ணாவது பத்துக்குக் கீழதான் இருந்தாவணும். பத்துக்குக் கீழ பகா எண்ணு ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு. அவ்ளோதான். நாலாவது ஆளக் கூப்புடுங்க.”

“ஒன்றை விட்டுட்டீங்களே,” என்றார் சம்பத், தோற்கிறவர்கள் பிடிக்கிற கடைசிக் கொம்பைப் பிடித்துக்கொண்டு. “இல்லை, சரிதான். விடத்தான் வேணும். ஏழாம் பாடத்திலேயே போட்டிருக்கு. ஒன்று எல்லா எண்ணையும் வகுக்கும், ஆகையால் ஒன்றைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று.”

தனபாக்கியத்துக்கு ஏழால் வகுக்கக் காகிதம் வேண்டியிருக்கவில்லை. தறியில் பாவு ஓட்டுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். கரையில் தொண்ணூற்றோர் இழை இருந்தால், பட்டைக்குப் பதின்மூன்று இழையாக ஏழு பட்டை. ஓர் இழை கூடினாலும் குறைந்தாலும் கடைசிப் பட்டை கோணிக்கொண்டு நிற்கும். லுங்கி வாங்க வந்த வியாபாரி அதைத்தான் முதலில் கண்டுபிடிப்பான்.

“ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு,” என்றாள். சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுதினாள். “அப்ப பக்கத்துல இருக்கறவங்களையும் கேட்டுப் பாக்கலாம். எரநூத்தி இருபத்தொண்ணு. ஏழால போவல, பதினொண்ணால போவல. பதிமூணு... பதிமூணு பதினேழு எரநூத்தி இருபத்தொண்ணு. எரநூத்தித் தொண்ணூத்தொம்போது. முந்நூறுக்கு ஒண்ணு கம்மி. பதிமூணு இருபத்து மூணு.”

மூன்று எண்ணிலும் பதின்மூன்று உட்கார்ந்திருந்தது.

சம்பத்தின் முகம் வெளிறியது. ஆனால் அவர் விழுந்தாலும் நின்றுகொண்டே விழுகிற ஆள். இரண்டு நிமிடத்தில் கன்னத்தில் ரத்தம் திரும்பிவிட்டது.

“தனபாக்கியம். இதன் பொருள் தெரிகிறதா? தனி ஆள் இல்லை. பதின்மூன்று பேர் கொண்ட கும்பல்.”

சொல்லிக்கொண்டே வெளியே ஓடினார். தனபாக்கியம் பின்னால் போனாள். முதலாளி அவள் பின்னால் போனார். தோல் ஊறும் ட்ரம்முகள் உருளுகிற கொட்டகையைத் தாண்டி, சுண்ணாம்புக் குழிகளைச் சுற்றிக்கொண்டு, சாப்பாட்டுக் கொட்டகை வாசலில் போய் நின்றார் சம்பத். அங்கே தரையில் டிபன் கேரியர்கள் வரிசையாகத் திறந்திருந்தன. அவர் விரலை நீட்டி எண்ணினார். பதின்மூன்று.

“எல்லாரும் அப்படியே உட்காருங்க,” என்றார்.

உட்கார்ந்துதான் இருந்தார்கள். தோலில் ஒட்டிய சதையை வழிக்கிற பிரிவுக்காரர்கள். சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்கள்.

“நீங்க எத்தனை பேர்?”

“பதிமூணு பேரு,” என்றார் மூத்தவர்.

“எப்பவுமே பதிமூணா?”

“போன மாசம் வரைக்கும் பன்னெண்டு சார். மூணு வாரமாத்தான் பதிமூணு.”

சம்பத் தனபாக்கியத்தைப் பார்த்த பார்வையில் மெடலே தொங்கியது. “மூணு வாரம். கேட்டீங்களா? அந்தப் பதிமூணாவது ஆள் யாரு?”

ஒரு மெலிந்த மனிதர் கையைத் தூக்கினார். “நான்தான் சார். பொண்டாட்டி பிரசவத்துக்கு வாலாஜாவுக்குப் போய்ட்டா. அதுக்கு முன்னாடி ஊட்டுக்குப் போய்ச் சாப்புடுவேன். இப்ப மெஸ் சாப்பாடு.”

“உண்மையைச் சொல்லு.”

“உண்மைதான் சார். சாம்பாரு தண்ணியா இருக்குது.”

தனபாக்கியம் சம்பத்தின் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“சார், அவங்க சோத்தத் தின்னட்டும். பதிமூணால வகுபடறது மொத்தத் தோலு. திருட்டுப் போனது இல்ல. எரநூத்தி இருபத்தொண்ணையும் யாரும் தூக்கிக்கினு போவல. காணாமப் போனது பதினேழு. பதினேழ இந்தப் பதிமூணு பேரு எப்படிப் பிரிப்பாங்க? நீங்களே முன்னாடி சொன்னதுதான்.”

தன் வாதத்தாலேயே தான் அடிபடுவது சம்பத்துக்கு முதல் தடவை இல்லை. இருந்தாலும் வலித்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்குங்க. சாப்பிடுங்க,” என்றார் பதின்மூன்று பேரிடமும்.

திரும்பி வரும்போது மணி இரண்டே முக்கால். சவுரியம்மாள் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. ஸ்டேஷனுக்குப் போகிற ஆள் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரமாகத் துடைக்கிறான் போலிருக்கிறது, ரிம் பளபளத்தது.

“பாய்,” என்றாள் தனபாக்கியம், “மொத வாரம் எத்தினி கட்டு போச்சு?”

ஆபித் பாஷா சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். “பதினேழு கட்டு.”

“ரெண்டாவது வாரம்?”

“இருபத்து மூணு.”

“இந்த வாரம் ஏழு. அதோ, வாசல்கிட்ட தெச்சு வெச்சிருக்குதே, நானே எண்ணிட்டேன்.” அவள் பலகையைக் காட்டினாள். “பதினேழு கட்டுக்குப் பதினேழு தோலு காணோம். இருபத்து மூணு கட்டுக்கு இருபத்து மூணு காணோம். ஏழுக்கு ஏழு. கட்டுக்கு ஒண்ணு பாய்.”

முதலாளி சீட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். சீட்டு அவர் சட்டைப்பையிலேயே மூன்று வாரமாக இருந்தது. பலகை சுவரிலேயே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

“கட்டுக்கு ஒண்ணு உருவிட்டாங்கன்னா சொல்றே?”

“உருவல. உள்ள இருக்குது. பன்னெண்டு இருக்க வேண்டிய கட்டுல பதிமூணு இருக்குது. உங்க தோல நீங்களே கப்பலேத்தி அனுப்பிச்சிட்டீங்க.”

அதுவரை பொறுமையாக நின்றிருந்த இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். கட்டுப் போடுகிறவர்கள். ஒருவர் குர்ஷித் பாய், வெள்ளைத் தாடி, இருபத்தெட்டு வருட சர்வீஸ். இன்னொருவர் நந்தகோபால், நெற்றி நிறைய விபூதி, இருபத்தாறு வருட சர்வீஸ்.

“இன்னாம்மா பேசறே?” என்றார் குர்ஷித் பாய். “எனக்கு எண்ணத் தெரியாதா? இத்தினி வருஷத்துல ஒரு தோலு ஜாஸ்தி போனதில்ல.”

“தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பன்னெண்டுக்கு மேல கை நீளாது,” என்றார் நந்தகோபால்.

“ரெண்டு பேரும் ஒரே கட்டையா போடறீங்க?”

“முன்னெல்லாம் தனித்தனியா. ஏஜெண்டு சொன்னாருன்னு மொதலாளி மாத்திட்டாரு. ஒரு கட்டுக்கு ரெண்டு பேரு இருந்தா தப்பு வராதாம்.”

“எப்ப மாத்தினாரு?”

“மூணு வாரம் ஆவுது.”

ஆபித் பாஷா வாசலில் கிடந்த ஏழு கட்டுகளைப் பார்த்தார். “முத்திரைய ஒடச்சிப் பாத்துடலாம். ஆனா பன்னெண்டே இருந்துச்சுன்னா? ஏஜெண்டு திரும்ப மெட்ராஸ்லேர்ந்து வரணும். கப்பலும் போய்டும், மரியாதையும் போய்டும்.”

“ஒடைக்க வேணாம் பாய். இப்ப எங்க முன்னாடி ஒரு கட்டு போடச் சொல்லுங்க. எப்பவும் எப்படிப் போடுவாங்களோ அப்படியே.”

மணி மூன்றே கால். எல்லோரும் கட்டுப் பலகையைச் சுற்றி நின்றார்கள். சம்பத் பார்வையைக் கூர்மையாக்கிக்கொண்டார். சவுரியம்மாளும் எழுந்து வந்து, கொஞ்சம் தள்ளி, கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குர்ஷித் பாய் வயதில் மூத்தவர். அவர்தான் ஆரம்பிக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு தோலை எடுத்துப் பலகைமேல் நீவி விரித்தார்.

“பர்கத்,” என்றார்.

நந்தகோபால் ஒரு தோலை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு அதன்மேல் விரித்தார்.

“லாபம்,” என்றார்.

“ரெண்டு,” என்றார் குர்ஷித் பாய்.

“மூணு,” என்றார் நந்தகோபால்.

“நாலு.”

“அஞ்சு.”

கை வேகம் பிடித்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தோல் ஒன்றின்மேல் ஒன்று மடிப்பில்லாமல் விழுந்தது. சம்பத் உதட்டை அசைத்துக் கூடவே எண்ணினார். “பன்னெண்டு” என்று குர்ஷித் பாய் கடைசித் தோலை வைத்ததும் அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

“பன்னிரண்டு. நானே எண்ணினேன். மிகச் சரியாக இருக்கிறது.”

நந்தகோபால் கயிற்றை எடுத்தார். தனபாக்கியம் அவர் கையைத் தடுத்தாள்.

“வாயால எண்ணினது போதும். வால் பக்கத்தத் திருப்பி, விரலால எண்ணுங்க.”

ஆபித் பாஷாவே குனிந்து, தோல்களின் நுனியை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. அவர் கட்டைவிரலுக்கு அடியில் இன்னும் ஒன்று இருந்தது.

பதின்மூன்றாவதை அவர் தூக்கிக் காட்டினார்.

“குர்ஷித் பாய்,” என்று தனபாக்கியம் மெதுவாகக் கேட்டாள், “உங்க எண்ணிக்கையில ஒண்ணு எது?”

“பர்கத்துதான் ஒண்ணு. பர்கத்துன்னா பெருகட்டும்னு அர்த்தம். எங்க வாப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். மொத தோல ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணோட நின்னுபூடும்.”

“நந்தகோபால் அண்ணே, உங்களுக்கு?”

“லாபந்தான் ஒண்ணு. ஒண்ணுன்னு வாய்ல சொல்லக் கூடாது. மண்டியில கத்துக்கிட்டது.”

“அப்ப அவரு பர்கத்துன்னு வெச்சாரே, அத நீங்க எண்ணலியா?”

நந்தகோபால் அடிபட்ட மாதிரி பார்த்தார். “அது அவரு சாமிக்கு வெக்கறதுன்னு நெனச்சேன். அதுக்குள்ள நான் பூந்து எண்ணலாமா?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்,” என்றார் குர்ஷித் பாய். “அவரு லாபம்னு வெக்கறாரு, வெச்சிட்டுப் போவட்டும்னு ரெண்டுலேர்ந்து புடிச்சிக்கினேன்.”

இரண்டு பேருமே ஒழுங்காக எண்ணியிருந்தார்கள். இரண்டு பேருமே அடுத்தவரின் நம்பிக்கையில் கை வைக்கவில்லை. அந்த மரியாதையில் வாரா வாரம் கட்டுக்கு ஒரு ஆட்டுத் தோல் கப்பலேறியது.

தனபாக்கியம் சம்பத்தைத் திரும்பிப் பார்த்தாள். “சந்தேகப் பட்டியல்ல சேக்க வேணாம்னு விட்டீங்களே சார், அதான் ஆளு. ஒண்ணு. ஒரு கட்டுல ரெண்டு ஒண்ணு இருந்திருக்குது.”

சம்பத் சட்டைப்பையிலிருந்து ஏழாம் பாடத்தை எடுத்து, அந்த வரியைத் தேடி, பேனாவால் அடித்தார். இதை நேர்மை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆபித் பாஷா ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கப்பலையும் ஏஜெண்டையும் அவர் மறந்துவிட்டார் போலிருந்தது. முதல் கோணியை அவரே கிழித்தார். பதின்மூன்று. இரண்டாவது, பதின்மூன்று. ஏழையும் பிரித்து ஏழு தோலைத் தனியாக எடுத்து வைத்தபோது அவருக்கு வியர்த்திருந்தது. சைக்கிள்காரனிடம், “நீ எங்கியும் போவாதே,” என்றார்.

அப்புறம் நிமிர்ந்து, “சவுரியம்மா, போய் வேலையப் பாரு. அடுத்த கப்பல்ல அனுப்பிக்கலாம்,” என்றார்.

சவுரியம்மாள் நகரவில்லை.

“காலைல கேட்டுல எத்தினி பேரு பாத்தாங்க பாய்?”

ஆபித் பாஷா கத்தியைக் கோணிமேல் வைத்தார்.

“இப்ப இங்க அஞ்சு பேரு நிக்கிறீங்க. அஞ்சு பேருக்குத் தெரிஞ்சா எனக்குப் போதுமா? கேட்டுல நின்னது மொத்த ஷிப்டும். என் முந்தானைய ஒதறச் சொன்னாங்க. ஒதறினேன்.” கூடையைத் தரையில் வைத்தார். “இனிமே நான் பெருக்க மாட்டேன். இந்தக் கட்டுப் பலகைகிட்ட என்னை உக்கார வெய்யி. எவ்ளோ தோலு போவுதுன்னு நான் பாக்கறேன். திருடின்னு சந்தேகப்பட்ட வாயால, இவதான் இங்க எண்ணறவன்னு எல்லாருக்கும் சொல்லு.”

சம்பத் ஏதோ தத்துவம் சொல்லத் தொடங்கினார். தனபாக்கியம் அவர் பக்கம் திரும்பியதும் நிறுத்திக்கொண்டார்.

ஆபித் பாஷா வெளியே போய் மணியை அடிக்கச் சொன்னார். ட்ரம்மை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்தார்கள். சதை வழிக்கிற பதின்மூன்று பேரும் கை கழுவாமலே வந்தார்கள். முதலாளி எல்லோர் முன்னாலும் நின்று, தோல் எதுவும் திருட்டுப் போகவில்லை, தப்பு ஷாப்பினுடையது, இன்று முதல் கட்டுப் பலகையில் சவுரியம்மாள் எண்ணுவார் என்று சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாய்வரை வந்து நின்றுவிட்டது. அதை எல்லோரும் பார்த்தார்கள், சவுரியம்மாளும் பார்த்தார்.

சவுரியம்மாள் பலகைக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிரித்த தோலை மறுபடியும் கட்ட வேண்டும். ஒரு பக்கம் குர்ஷித் பாய், ஒரு பக்கம் நந்தகோபால். ஹால் முழுக்க ஆட்கள்.

அவர் முந்தானையில் கையைத் துடைத்தார். நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு தோலை எடுத்துப் பலகைமேல் விரித்தார்.

“சேசு மரி சூசையே,” என்றார்.

குர்ஷித் பாய் ஒரு கணம் காத்திருந்தார். புதிதாக வந்த ஒருவரின் தொடக்கத்துக்குத் தர வேண்டிய மரியாதையைத் தந்துவிட்டு, தன் தோலை எடுத்தார்.

“பர்கத்.”

“லாபம்,” என்றார் நந்தகோபாலும், பழக்க தோஷத்தில்.

சம்பத் வாயைத் திறந்தார். தனபாக்கியம் அவருடைய காலை மிதித்தாள்.

“பதினாலு ஆகப்போகுது,” என்று அவர் அவள் காதில் முனகினார்.

“ஆவட்டும் சார். ரெண்டாலயும் வகுபடும், ஏழாலயும் வகுபடும். நாளைக்கு நானே வந்து சொல்லிக் குடுக்கறேன். இன்னைக்கு அவங்க வெக்கட்டும்.”

அவள் முதலாளியைப் பார்த்தாள். ஆபித் பாஷா மூன்று விரலை மடக்கியிருந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு முறை சவுரியம்மாளின் முகத்தைப் பார்த்தார். பிறகு மடக்கிய விரல்களை நீட்டி, கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

“ரெண்டு,” என்றார் சவுரியம்மாள், ஹாலில் கடைசியில் நிற்கிறவனுக்கும் கேட்கும்படி.